பால், நெய் இல்லாமல் பண்டிகைப் பந்தி: புதிதாக நனிசைவத்துக்கு வந்தவர்களுக்கு

பால், நெய், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாத நனிசைவத்துக்கு (வீகன்) மாறிய பிறகு வந்த முதல் தீபாவளி. மதுரையில் மாமியார் வீடு. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். எல்லோருக்கும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். "உனக்குத் தனியா செஞ்சு வெச்சிருக்கேன்மா" என்று அத்தை ஆசையாகக் கொண்டுவந்து வைத்தது: நெய் வழியும் வெண்பொங்கல், தயிர்வடை, ஒரு கிண்ணம் பால் பாயசம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எனக்கென்றே செய்தது. நான் எதையும் தொடவில்லை. அத்தையின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

தவறு என்னுடையதுதான். நான் வீட்டில் சொல்லியிருந்தது "சைவம்" என்ற ஒரே சொல். நம் ஊரில் சைவம் என்றால் கறி, மீன், முட்டை கிடையாது. பால், தயிர், நெய், வெண்ணெய் எல்லாம் உண்டு. நனிசைவம் என்றோ வீகன் என்றோ சொன்னாலும் பெரியவர்களுக்கு அது புதுச் சொல். அத்தை சைவத்தின் பொருளைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு பல பண்டிகைகள் போய்விட்டன. இந்த வழிகாட்டி முழுக்க நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும்: பண்டிகை வீட்டுக்கு விருந்தாளியாகப் போகாதீர்கள், சமைக்கிற ஆளாகப் போங்கள். நனிசைவத்துக்குத் தேவையானதில் முக்கால்வாசி உங்கள் குடும்பச் சமையலிலேயே ஏற்கெனவே இருக்கிறது.

1. சமைக்கிறவரிடம், பதினைந்து நாள் முன்பே சொல்லுங்கள்

வீட்டுத் தலைவரிடமோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ அறிவிப்பதால் பயன் இல்லை. கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் தனியாகப் பேச வேண்டும். பலகாரத்துக்கு வெண்ணெயும் நெய்யும் வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வாங்கிய பிறகு சொன்னால் அது அவருக்கு இன்னொரு வேலை.

பெயர் சொல்லாமல் பட்டியல் சொல்லுங்கள். நான் இப்போது சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "அத்தை, நான் கறி, முட்டை மட்டுமில்ல, பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், தேன் எதுவும் எடுத்துக்கிறதில்ல. எனக்குன்னு தனியா எதுவும் செய்ய வேணாம். நெய் ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எடுத்து வெச்சா போதும். பலகாரத்துல ரெண்டு நான் வந்து செஞ்சிடறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்பதை மட்டும் சொன்னால் அவர் சமையலையே மறுத்தது போல ஆகிவிடும். கூடவே கையும் வருகிறது என்று தெரிந்தால் பேச்சே வேறு திசையில் போகும்.

"டாக்டர் சொன்னார்னு ஒரு பொய் சொல்லிடு" என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடம்பு சரியானதும் சாப்பிடலாமே என்பார்கள், அடுத்த வருடமும் அதே பொய்யைச் சுமக்க வேண்டும். புரட்டாசி முழுக்கக் கறி தொடாத வீடுகளும், மாலை போட்டால் மண்டலம் முழுக்க விரதம் இருக்கும் வீடுகளும் நம்மிடம் நிறைய. "விரதம் மாதிரி இதைப் பிடிச்சிருக்கேன், எப்பவுமே" என்று சொன்னால் அப்பத்தாவுக்கும் புரிகிறது. அதில் பொய்யும் இல்லை.

மருமகள்களுக்கு ஒரு வார்த்தை. என் தம்பியும் நனிசைவம்தான். அவனுடைய தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டில் தேங்காய்ப்பாலில் பாயசம் வைத்துக் காத்திருந்தார்கள். அதே வருடம் எனக்குக் கிடைத்தது "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்ற அறிவுரை. மாப்பிள்ளையின் விருப்பத்துக்கும் மருமகளின் விருப்பத்துக்கும் ஒரே எடை கிடைப்பதில்லை, அது எனக்கு வலித்தது. அதனால் உங்கள் கணவர் தன் அம்மாவிடம் தானே பேச வேண்டும், அதுவும் ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பே. நீங்கள் பேசுவது அதற்கு அடுத்ததாக இருக்கட்டும்.

2. உங்கள் வீட்டுப் பலகாரங்களைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் பண்டிகைக்குச் செய்யும் எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் மூன்றாகப் பிரியுங்கள்: அப்படியே சாப்பிடக்கூடியவை, ஒரு பொருளை மாற்றினால் போதுமானவை, விட்டுவிட வேண்டியவை.

முதல் வகை எவ்வளவு நீளம் என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அதிரசம் பச்சரிசி மாவும் வெல்லப்பாகும்தான். எண்ணெயில் சுட்டால் போதும். சுழியன், பொரிவிளங்காய் உருண்டை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய் எல்லாம் இதில் சேரும். நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்து, பெயரில் முந்திரி இருந்தாலும் பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்தது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு நிலக்கடலையும் வெல்லமும் போதும். கடை அல்வா என்றால் நெய் என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால் தூத்துக்குடி மாவட்டம் முதலூரின் மஸ்கோத் அல்வா தேங்காய்ப்பாலில் கிண்டுவது. கீழக்கரைப் பக்கத்துத் தொதலும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும்தான். வெளியூரிலிருந்து வரும் உறவினர் "என்ன வாங்கிட்டு வர?" என்று கேட்டால் இவற்றின் பெயரைச் சொல்லுங்கள். வந்த பிறகு, நெய் தடவிய தட்டில் கொட்டியதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் சரி.

இரண்டாம் வகையில்தான் உங்கள் கைவேலை இருக்கிறது. முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி எல்லாவற்றிலும் மொறுமொறுப்புக்காக வெண்ணெய் போடுவார்கள். தேன்குழலில் தேன் இருக்காது, வெண்ணெய் இருக்கும். நாலு கப் அரிசி மாவு, ஒரு கப் உளுந்து மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காய்ச்சி மாவில் ஊற்றி, கரண்டியால் கலந்து, சூடு தணிந்ததும் விரலால் பிசிறிவிடுங்கள். அதன் பிறகு தண்ணீர் விட்டுப் பிசையலாம். தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தால் இன்னும் ருசி. எண்ணெய் அதிகமானால் முறுக்கு எண்ணெயில் பிரிந்து உதிரும், அதனால் அளவைத் தாண்ட வேண்டாம்.

தீபாவளி லேகியத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லத்தோடு நெய்யும் தேனும் சேரும். நல்லெண்ணெய் மட்டும் விட்டுக் கிண்டினாலும் லேகியம் நன்றாகவே திரண்டு வருகிறது. சிறு வாணலியில் உங்களுக்கு மட்டும் கிண்டிக்கொள்ளலாம்.

மைசூர்பாகு, பால்கோவா, குலாப் ஜாமூன் மூன்றாம் வகை. பால்கோவா போலவே தேங்காயில் ஒன்றைச் செய்து பார்க்கும் முயற்சிகளை நான் கைவிட்டுவிட்டேன். அது அதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அந்த நேரத்தில் ஒரு அதிரசம் கூடச் சாப்பிடலாம்.

பாக்கெட் பலகாரம் வாங்கும்போது பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம். பால் பொருள்களுக்கும் அதுதான். நனிசைவ உணவுக்கென்று 2022 விதிகளின்படி தனி முத்திரை இருக்கிறது: பச்சைச் சதுரத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்தும் சின்ன இலையும். அது இல்லாத பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலின் அடியில் ஒவ்வாமைக் குறிப்பைப் பாருங்கள். பால் இருந்தால் அங்கே சொல்லியிருக்க வேண்டும். நெய்க்குப் பதில் வனஸ்பதி போட்ட இனிப்பு நனிசைவம்தான் என்றாலும் நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

3. அடுப்படியில் எங்கே பால் ஒளிந்திருக்கிறது

நெய்யும் தயிரும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடங்கள்தான் புதியவர்களைச் சறுக்க வைக்கும். வாழைத்தண்டையும் வாழைப்பூவையும் நறுக்கியதும் கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போடுவது நம் வழக்கம். நீர்த்த புளித்தண்ணீரிலோ அரிசி களைந்த தண்ணீரிலோ போட்டாலும் கறுக்காது. மோர்மிளகாய் பெயரிலேயே சொல்லிவிடுகிறது; சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் பல வீடுகளில் மோரில் ஊறிக் காய்ந்தவை, அது வற்றல்குழம்பில் விழுந்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது. ரவா தோசை மாவில் மோர் இருக்கலாம். காய்கறி பிரியாணியில் தயிர் அநேகமாக இருக்கும்.

இதற்கு ஒரே வழி, நறுக்கும் நேரத்திலேயே அடுப்படியில் இருப்பது. காலை ஆறு மணிக்கு அரிவாள்மனை முன் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்குகிற ஆளே, அது எந்தத் தண்ணீரில் விழ வேண்டும் என்பதையும் முடிவு செய்யலாம். சாம்பார், பருப்பு, கூட்டு எல்லாவற்றையும் முதலில் எண்ணெயில் தாளித்து, உங்கள் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் அவர்கள் நெய் ஊற்றிக்கொள்ளட்டும். எடுத்து வைத்த கிண்ணங்களை மூடி ஒரு ஓரமாக வையுங்கள், இல்லாவிட்டால் பந்தி வேகத்தில் யாராவது எடுத்துப் பரிமாறிவிடுவார்கள்.

தயிர்சோறு இல்லாமல் சாப்பாடு முடிந்த மாதிரியே இல்லை என்பவர்களுக்கு நிலக்கடலைத் தயிர். ஒரு கப் பச்சை நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊற வைத்து, தோலை நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும், கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு ஐந்தாறு போட்டு மூடி வையுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரத்தில் உறையும். முதல் ஈடு சுமாராகத்தான் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். ஆகவே பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். கடலை வாசனை கொஞ்சம் இருக்கும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சோற்றில் பிசைந்தால் அது தெரிவதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது எங்கள் திருநெல்வேலிச் சொதி. மறுவீட்டு விருந்துக்கு வைப்பது. காய்களை இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பாலில் வேக வைத்து, வெந்த பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சை மிளகாய்ச் சாறும் சேர்த்து, கடைசியாக முதல் பாலை விட்டு நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். சூடு தணிந்ததும் எலுமிச்சை பிழியலாம். ஒரு துளி பசும்பால் இல்லாத விருந்துச் சாப்பாடு அது, தலைமுறைகளாக. மதுரையில் நான் அதை வைத்த முதல் பொங்கலன்று, மாமா மூன்றாவது முறை கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு என் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு குறைந்தது.

4. பொங்கல் பானை

பானையில் பால் பொங்குவதுதான் பொங்கல் என்பார்கள். குடும்பத்தின் பானையில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் உங்களுக்கு ஒரு சின்னப் பானை வைத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீரிலேயே நன்றாகப் பொங்கி வழியும்.

ஒரு கப் பச்சரிசி, கால் கப் வறுத்த பாசிப்பருப்பு, ஐந்து கப் தண்ணீர். குழைய வெந்ததும் ஒன்றரைக் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கிளறுங்கள். அடுப்பைக் குறைத்து ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால். இறுகி வரும்போது, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டியில் முந்திரியும் திராட்சையும் தேங்காய்ப் பல்லும் வறுத்து அப்படியே கொட்டி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போடுங்கள். புது வெல்லம் கிடைத்தால் இன்னும் நல்லது. நெய் மணம் இருக்காது, அதற்கென்று ஒரு மணம் இருக்கும். பலகாய்க் குழம்பில் மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, பூசணி என்று அந்த நாளில் தோட்டமே இருக்கிறது. பொங்கலில் நனிசைவர் பசியோடு எழ வழியே இல்லை.

5. கறி நாள்

தீபாவளிக் காலையும் பொங்கலுக்கு அடுத்து வரும் கறி நாளும் அசைவ வீடுகளில் கடினமான நாள்கள். "குழம்பை மட்டும் ஊத்திக்கோ, கறியை ஒதுக்கிடு" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். "இல்ல அத்தை, குழம்பும் வேணாம்" என்று சிரித்த முகமாக, ஆனால் ஒரே மாதிரி, ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். ஒரு நாள் ஊற்றிக்கொண்டால் அடுத்த பத்து வருடம் அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

அன்றைய ஏக்கம் பெரும்பாலும் மசாலாவுக்கான ஏக்கம்தான். கறிக்கு அரைக்கும் அதே சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, சோம்பு, கசகசா, தேங்காய் மசாலாவில் கால்வாசியை முன்கூட்டியே எடுத்து, காளானிலோ சேனைக்கிழங்கிலோ தனிச் சட்டியில் குழம்பு வையுங்கள். சேனையை அரை வேக்காடாக அவித்து, மீன் மசாலா தடவித் தோசைக்கல்லில் வறுத்தால், உங்கள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட மச்சான்கள் வருவார்கள். அதனால் இரண்டு பங்காகச் செய்யுங்கள். கரண்டி மாறிவிடாமல் உங்கள் சட்டியின் கரண்டிக் காம்பில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் நூல்.

6. இலை முன்னால்

பந்தியில் முதலில் வரும் ஆபத்து பருப்பும் நெய்யும். பரிமாறுகிறவர் பேச்சுச் சுவாரசியத்தில் ஊற்றிவிட்டுப் போய்விடுவார். அவர் இரண்டு இலை தள்ளி இருக்கும்போதே கையை இலைக்கு மேல் நீட்டுங்கள். அடுத்தது பாயசம், அப்புறம் மோர். ரசத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

ஏன் என்று கேட்டால் ஒரே ஒரு வாக்கியம் போதும். கன்றுக்கு உரியதை நான் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான் என் காரணம். இது எனக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு சுருக்கமாகச் சொல்லப் பழகியிருக்கிறேன். கறி சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் இலை முன்னால் விவாதம் வேண்டாம். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாலையில் திண்ணைக்கு வந்து கேட்பார், அப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

காபிதான் பலருக்கும் விட முடியாதது. கருப்பட்டிக் கடுங்காப்பியும் சுக்குக் காப்பியும் தென்மாவட்டங்களில் பால் இல்லாமலேயே பழக்கத்தில் உள்ளவை. மதுரையில் இருந்தால் மாலையில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஆட்டி எடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் காய்ச்சுவது.

7. "சத்துக்கு என்ன பண்ணுவே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், அக்கறையில் வருவது. பருப்பு, சுண்டல், மொச்சை, நிலக்கடலை தினம் சாப்பிட்டால் புரதம் பெரிய கவலை இல்லை. சுண்ணாம்புச் சத்துக்கு எள்ளும் கீரைகளும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் பி12 வைட்டமின் விஷயத்தில் யாரும் உங்களைச் சமாதானப்படுத்த விடாதீர்கள். தாவர உணவில் அது நம்பும் அளவுக்குக் கிடைப்பதில்லை. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். "மாத்திரை எடுத்துக்கிறேன் மாமா, போன மாசம் டெஸ்ட் பண்ணேன், சரியா இருக்கு" என்று சொல்ல முடிந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரிடம் பேசாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

8. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்

நடக்கும். வாயில் வைத்த பிறகுதான் நெய் மணம் தெரியும். துப்பவோ முகம் சுளிக்கவோ வேண்டாம். அதோடு நிறுத்திவிட்டு அடுத்ததைச் சாப்பிடுங்கள். "ஒரு தடவை ஆயிடுச்சு, இனி பண்டிகை முடியட்டும்" என்று விட்டுவிடுவதுதான் உண்மையான சறுக்கல்.

கோயில் பிரசாதம் அவரவர் மனம் சார்ந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு. நான் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறேன். திருநீறும் துளசியும் எனக்குப் போதும்.

எந்தப் பண்டிகையில் தொடங்கலாம்?

தீபாவளியில் தொடங்காதீர்கள், அதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி நல்ல தொடக்கம்: தேங்காய் வெல்லப் பூரணக் கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யும்போது கையில் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. அடுத்து நவராத்திரி, ஒன்பது நாளும் சுண்டல். அந்தப் பழக்கத்தோடு தீபாவளிக்குள் நுழைந்தால் கை கொஞ்சம் தேறியிருக்கும். அதைத் தாண்டிவிட்டால் கார்த்திகை காத்திருக்கிறது: பொரி உருண்டையும், எங்கள் பக்கத்தில் பனையோலைக்குள் அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் வைத்து அவிக்கிற ஓலைக் கொழுக்கட்டையும். ஓலையை முந்தின நாளே சொல்லி வையுங்கள், அன்றைக்குச் சந்தையில் கிடைப்பதில்லை.